சோதனையை அன்பினால் எதிர்கொள்வது எப்படி

எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் திருடனுக்கு ஒரு புத்திமதி சொல்கிறார்: "திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தனக்கு ஏதாகிலும் உண்டாயிருக்கும்படி, தன் கைகளினால் நலமான வேலைசெய்து, பிரயாசப்படக்கடவன்" (எபேசியர் 4:28). திருடாதே என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால், அது எந்த நாட்டுச் சட்டமும் சொல்லக்கூடியதுதான். உழைத்துச் சாப்பிடு என்பதோடு நிறுத்தியிருந்தாலும் நல்ல அறிவுரையாகவே இருந்திருக்கும். அவரோ அதையும் தாண்டி, பிறர் பொருளை எடுத்துப் பழகிய அதே கை இனி இல்லாதவனுக்குக் கொடுக்கும் கையாக மாற வேண்டும் என்கிறார். கொடுக்கத் தொடங்கும் வரை அவன் திருட்டை விட்டவன் ஆகவில்லை. அடுத்த வாய்ப்பு வரும் வரை சும்மா இருப்பவன், அவ்வளவே.

சோதனையோடு போராடும் விசுவாசிகள் பலர் இந்த இரண்டாம் பாதியை அறியாமலே களைத்துப்போகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலம் தொடங்கும்போது ஒரு கெட்ட பழக்கத்தை விடுவதாகத் தீர்மானிக்கிறார்கள். நாள்தோறும் தங்களையே கண்காணிக்கிறார்கள். இன்று ஜெயித்தேன், நேற்று தோற்றேன் என்று கணக்குப் பார்க்கிறார்கள். இந்தக் கண்காணிப்பு தொடரத் தொடர, அவர்களுடைய மனம் முன்னைவிட அதிகமாகத் தங்களையே சுற்றி வருகிறது. அசுத்த ஆவி புறப்பட்டுப்போன வீட்டைப் பற்றி இயேசு சொன்னதும் இதைத்தான். அந்த வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டிருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. ஆகவே போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது (மத்தேயு 12:43-45). வீட்டைக் காலி செய்வதைப் பற்றி நமக்கு நிறையப் பிரசங்கங்கள் கிடைக்கின்றன. யாரைக் குடிவைப்பது என்பதைப் பற்றியும், அதை அன்றாட வாழ்வில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

எண்ணம் வருவதும் அதற்கு இணங்குவதும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தவறான எண்ணம் மனதில் தோன்றியதுமே பாவம் செய்துவிட்டதாக நினைத்து நொந்துபோகிறவர்கள் உண்டு. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைவனத்தில் துறவிகள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களில் பொய்மேன் என்ற பெரியவரிடம் ஒரு சகோதரர் வந்து, தமக்குப் பல எண்ணங்கள் எழுவதாகவும் அவற்றால் தாம் ஆபத்தில் இருப்பதாகவும் முறையிட்டார். பெரியவர் அவரை வெளியே அழைத்துச் சென்று, மார்பை விரித்துக் காற்றை உள்ளே இழுக்காமல் இரு என்றார். முடியாது என்றார் சகோதரர். அது முடியாதென்றால் எண்ணங்கள் வருவதைத் தடுக்கவும் உன்னால் முடியாது, ஆனால் அவற்றை எதிர்த்து நிற்பது உன்னால் ஆகும் என்றார் பொய்மேன்.

யாக்கோபின் நிருபமும் இதை ஒரு வரிசையாகக் காட்டுகிறது. இச்சை இழுக்கிறது, மனிதன் சிக்குகிறான், இச்சை கர்ப்பந்தரிக்கிறது, அதன்பின்னரே பாவம் பிறக்கிறது (யாக்கோபு 1:14-15). இழுப்புக்கும் இணக்கத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. போராட்டம் நடக்கும் இடம் அதுதான். "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" ஒருவரை நாம் பிரதான ஆசாரியராக ஏற்றுக்கொண்டிருக்கிறோம் (எபிரெயர் 4:15) என்றால், சோதிக்கப்படுவதே குற்றம் என்று நாம் சொல்ல வழியில்லை. ஆகவே எண்ணம் வந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். "எனக்கு இப்போது கோபம் வருகிறது", "இந்தப் பணத்தின்மேல் எனக்கு ஆசை வருகிறது" என்று உள்ளதை உள்ளபடி தேவனிடம் சொல்லிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போங்கள்.

சோதனை மறைக்கும் முகம்

அடுத்துச் செய்ய வேண்டியது, இந்த ஆசைக்கு இணங்கினால் அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்று கேட்பது. ஒவ்வொரு சோதனையும் யாரோ ஒருவரை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறது. தாவீதின் வீழ்ச்சியை 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் மெதுவாக வாசித்தால் இது தெளிவாகும். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் தாவீது எருசலேமிலேயே தங்கிவிட்டார். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகையின்மேல் உலாவியபோது, குளிக்கும் ஒரு பெண்ணைக் கண்டார். யார் என்று விசாரித்தார். வந்த பதில், அவள் எலியாமின் குமாரத்தி, ஏத்தியனான உரியாவின் மனைவி, பத்சேபாள் என்பது.

அந்தப் பதிலை ஒரு நிமிடம் கவனியுங்கள். ஓர் உடலை மட்டும் பார்த்திருந்த ராஜாவுக்கு, ஒரு தகப்பனுடைய பெயரும் ஒரு கணவனுடைய பெயரும் அவளுடைய சொந்தப் பெயரும் சொல்லப்படுகின்றன. உரியா தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியலில் இருப்பவன். அந்த நேரத்தில் தாவீதுக்காகப் போர்க்களத்தில் நிற்பவன். சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் எழுதினாரே (1 கொரிந்தியர் 10:13), அந்தப் போக்கு தாவீதுக்கு மூன்று பெயர்களின் வடிவில் வந்தது என்றே நான் வாசிக்கிறேன். அவர் அந்தப் பெயர்களைக் கேட்டும் கேளாதவராக ஆளனுப்பினார். பிற்பாடு உரியா யுத்தத்திலிருந்து வரவழைக்கப்பட்டபோது, உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரங்களில் தங்கியிருக்கையில் நான் வீட்டுக்குப் போய்ப் புசித்துக் குடித்து என் மனைவியோடே சயனிப்பேனோ என்று மறுத்துவிட்டு, அரமனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். தனக்கு உரிமையானதையே தோழர்களை நினைத்து வேண்டாம் என்றவனும், தனக்கு உரிமையில்லாததை யாரையும் நினையாமல் எடுத்துக்கொண்டவரும் ஒரே அதிகாரத்தில் அருகருகே நிற்கிறார்கள்.

யோசேப்பின் கதை இதற்கு நேர்மாறாகப் போகிறது. போத்திபாரின் மனைவி அழைத்தபோது, அவன் வாயிலிருந்து முதலில் வந்தது எஜமானைப் பற்றிய பேச்சு. என் எஜமான் தனக்குள்ள எல்லாவற்றையும் என் கையில் ஒப்பித்து, எதைப் பற்றியும் விசாரியாமல் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அதன்பின் தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று கேட்டான் (ஆதியாகமம் 39:8-9). தன்னை நம்பியிருக்கும் ஒரு மனிதனுடைய முகம் அவன் கண்முன் இருந்தது.

இதை நடைமுறையில் செய்வது கடினமல்ல. முன்கூட்டிச் செய்து வைத்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். உங்களை அடிக்கடி இழுக்கும் சோதனை எது என்று அமைதியான ஒரு நேரத்தில் யோசித்து, அதனால் பாதிக்கப்படுகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அலுவலகத்தில் கோப்பை நகர்த்தக் கைநீட்டும் ஆசை என்றால், விதவை ஓய்வூதியத்துக்காக மூன்றாம் முறையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பெயரை எழுதுங்கள். இரவில் கைப்பேசியில் ஆபாசக் காட்சி தேடும் பழக்கம் என்றால், திரையில் தெரிகிறவள் பெயரும் தகப்பனும் உள்ள ஒரு பெண் என்பதையும், பக்கத்து அறையில் தூங்கும் உங்கள் மனைவியின் அல்லது பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். உடன்பிறந்தவரின் பங்கைக் குறைத்துச் சொத்துப் பத்திரம் எழுதத் தோன்றுகிறது என்றால், அண்ணன் பெயரையோ அக்காள் பெயரையோ எழுதுங்கள். சோதனை வரும்போது அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொருவருக்காகவும் ஒரு வாக்கியம் ஜெபியுங்கள். ஒரு மனிதருடைய நன்மைக்காக ஜெபித்துக்கொண்டே அவரைக் கெடுப்பது எளிதல்ல.

வனாந்தரத்தில் நடந்தது

இயேசுவின் சோதனையை நாம் பெரும்பாலும் வேத வசனத்தால் சாத்தானை ஜெயித்த நிகழ்ச்சியாக மட்டுமே கேட்டிருக்கிறோம். அது உண்மைதான், மூன்று பதில்களையும் அவர் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்தே எடுத்தார். ஆனால் அவருக்கு என்ன காட்டப்பட்டது, அவர் எதை மறுத்தார் என்று பார்த்தால் அன்பின் இலக்கணமே அங்கே கிடைக்கிறது.

நாற்பது நாள் பசியோடு இருந்தவரிடம், கல்லை அப்பமாக்கும்படி சொல்லப்பட்டது. அப்பம் பாவமான பொருள் அல்ல. பசித்தவன் சாப்பிடுவதும் பாவம் அல்ல. தமக்குக் கொடுக்கப்பட்ட வல்லமையைத் தமக்காகவே செலவிடும்படி அழைத்த அழைப்பே அங்கே சோதனை. இதே இயேசு, வேறொரு வனாந்தரத்தில் பசியோடிருந்த ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பெருக்கிக் கொடுத்தார். தமக்காகச் செய்ய மறுத்ததை ஜனங்களுக்காகச் செய்தார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்ற சோதனையை மறுத்தவர், தம்மைப் பிடிக்க வந்த இரவிலும் பன்னிரண்டு லேகியோனுக்கு (படைப்பிரிவுக்கு) அதிகமான தூதரைக் கேட்டுப்பெற முடியும் என்று சொல்லியும் கேட்கவில்லை (மத்தேயு 26:53). உலகத்தின் சகல ராஜ்யங்களும் வேண்டாம் என்றவர், சீலையை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார்.

இந்தச் சோதனை வனாந்தரத்தோடு முடிந்துவிடவில்லை. "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று சோதனைக்காரன் தொடங்கிய அதே பேச்சு, "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா" என்று வழிப்போக்கர்களின் வாயில் மறுபடியும் வருகிறது. "மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்று பிரதான ஆசாரியரும் மூப்பரும் பரியாசம் பண்ணினார்கள் (மத்தேயு 27:40-42). அவர்கள் ஏளனமாகச் சொன்னது முழு உண்மையாக இருந்தது. மற்றவர்களை இரட்சிக்கத் தீர்மானித்தவர், தம்மை இரட்சித்துக்கொள்ளும் வழியைத் தாமே அடைத்துவிட்டார். கிறிஸ்தவம் தன்னலமற்ற அன்பு என்று சொல்லும்போது சுட்டிக்காட்டும் இடம் இதுதான். சோதனையை எதிர்ப்பதற்கு அது காட்டும் முன்மாதிரியும் இதே இடம்தான். இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதால்தான் இரண்டுமே நமக்குக் கடினமாகத் தோன்றுகின்றன.

இதிலிருந்து நாம் பழகிக்கொள்ள ஒரு கேள்வி கிடைக்கிறது. கெட்டதா நல்லதா என்று தெரியாத ஒன்று மனதை இழுக்கும்போது, எனக்குக் கொடுக்கப்பட்ட படிப்பையோ பணத்தையோ பதவியையோ செல்வாக்கையோ இப்போது யாருக்காகச் செலவிடுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நல்ல காரியத்தின் தோற்றத்தில் வரும் சோதனைகள் பல இந்தக் கேள்வியின்முன் தங்கள் உண்மை முகத்தைக் காட்டிவிடும்.

வசனத்தால் பதில் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. கான்ஸ்டான்டினோப்பிளில் ஒரு திருமணமான பெண்ணோடு ஏற்பட்ட ஈர்ப்பிலிருந்து தப்பிக்க ஊரையே விட்டு வெளியேறி, எகிப்தில் துறவியாக வாழ்ந்து 399-இல் மரித்த எவாக்ரியுஸ், மனிதனைத் தாக்கும் எண்ணங்களைப் போசனப்பிரியம், காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் திருப்பிச் சொல்லத்தக்க வசனங்களை வேதாகமம் முழுவதிலுமிருந்து திரட்டி வைத்தார். எல்லாச் சோதனைக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, உங்களைத் தாக்கும் குறிப்பிட்ட எண்ணத்துக்கு நேராகப் பேசும் இரண்டு மூன்று வசனங்களைத் தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்யுங்கள். அவற்றில் ஒன்றாவது, என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லாமல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதாக இருக்கட்டும். பழிவாங்கத் துடிப்பவருக்கு "நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு" (ரோமர் 12:21) என்ற வசனம் அப்படிப்பட்டது.

எதிர்த்திசையில் ஒரு செயல்

1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஓட்டல் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் நின்றுகொண்டிருந்தார். குடிப்பழக்கத்தால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டு, சில மாதங்களாகத்தான் குடிக்காமல் இருந்தவர். வந்த வியாபாரக் காரியம் தோற்றுவிட்டது, கையில் பணமில்லை, தெரியாத ஊர். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டது. மறுபக்கம் தொலைபேசி இருந்தது, அதனருகே உள்ளூர்ச் சபைகளின் பட்டியலும் இருந்தது. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் தன்னைப்போலவே தவிக்கும் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். அதன் தொடர்ச்சியாக, குடியை விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த பாப் ஸ்மித் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இருவருமே ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தொடர்பு உள்ளவர்கள். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக் குடியிலிருந்து மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அந்தச் சந்திப்பிலிருந்தே பிறந்தது. அது எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல; தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளில் கடைசிப் படி, தவிக்கும் மற்றவர்களிடம் இந்தச் செய்தியைக் கொண்டுபோக வேண்டும் என்பது.

வில்சன் அந்தக் கூடத்தில் நின்று, குடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். அப்போதும் அவர் மனம் குடியைப் பற்றித்தான் நினைத்திருக்கும். இன்னொருவரைத் தேடிப் போனபோது மனதின் திசையே மாறியது. திருடனுக்குப் பவுல் சொன்னதும் இதுவே. ஆகவே சோதனை வரும் நேரத்தில் செய்வதற்கென்று, அதன் எதிர்த்திசையில் ஒரு சிறு செயலைத் தயாராக வைத்திருங்கள். அது பெரிய தியாகமாக இருக்க வேண்டியதில்லை. அந்த நிமிடமே கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

உடன் வேலை செய்கிறவருக்குக் கிடைத்த உயர்வைக் கண்டு பொறாமை எழுந்தால், அவர் இல்லாத இடத்தில் அவருடைய வேலையைப் பற்றி உண்மையான ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பண ஆசை பிடித்தால், யாருக்கும் தெரியாமல் ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும். தனிமையான இரவு நேரம் உங்களுக்கு ஆபத்தானது என்றால், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வருவதோடு நில்லாமல், அந்த நேரத்தில் தனியாக இருக்கும் வயதான உறவினர் ஒருவரை வீட்டுத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினதுபோல ஓட வேண்டிய சோதனைகளும் உண்டு. அங்கே நின்று வாதாட வேண்டாம், ஓடுங்கள். குடியோ வேறு போதையோ உடலைப் பிடித்துவிட்டது என்றால் மருத்துவரிடம் போவதையும் ஜெபத்தைப்போலவே அவசியமாக எண்ணுங்கள்.

உபவாசத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதைப் பாதியாகவே கைக்கொள்கிறோம். 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரிச் சபையில் வழங்கிய ஓர் அறிவுரை, உபவாச நாளில் நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடு என்கிறது. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்தீதேஸ் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியபோது, தங்களுக்குள் ஒரு ஏழை இருந்து, கொடுப்பதற்குத் தங்களிடமும் மிகுதியில்லாவிட்டால், இவர்கள் 2 அல்லது 3 நாள் உபவாசமிருந்து அவனுக்கு உணவு கொடுக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58-இல் கர்த்தர் சொன்னதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். நம்முடைய கிராமத்துச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவரும் பிடியரிசி வழக்கம் இதே வழியில் வந்தது. அந்தத் தாய்மார்கள் ஒவ்வொரு வேளையும் சோற்றுக்கு முன்பாகவே பிறரை நினைத்தார்கள். இந்த லெந்து காலத்தில் நீங்கள் மாமிசத்தையோ தேநீரையோ விட்டால், மிச்சமாகும் பணத்தை அன்றன்றைக்கே ஒரு டப்பாவில் போட்டு, யாருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று முதல் நாளிலேயே அந்த டப்பாவின்மேல் பெயர் எழுதுங்கள். பசிக்கும்போது அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள்.

கோபத்தையும் கசப்பையும் பொறுத்தவரை, உள்ளே அன்பு சுரக்கும் வரை காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944-இல் கைதுசெய்யப்பட்ட டச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த கோரி டென் பூம், நாஜிகளின் ராவன்ஸ்புருக் வதைமுகாமில் தம் அக்காள் பெட்சியைப் பறிகொடுத்தவர். 1947-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஆலயம் ஒன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த முகாமின் காவலர்களில் ஒருவர் அவரிடம் வந்து கை நீட்டினார். கோரியால் கையைத் தூக்க முடியவில்லை. அன்பின் உணர்வு ஒரு துளியும் தமக்குள் இல்லை என்பதை உணர்ந்து, கையை நீட்டுவதை மட்டும் நான் செய்கிறேன், உணர்வை நீர் கொடும் என்று மனதுக்குள் ஜெபித்து, இயந்திரம்போலக் கையை நீட்டினார். உணர்வு அதற்குப் பின்புதான் வந்தது என்று அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். செயல் முன்னே போகலாம், மனம் பின்னே வந்துசேரும்.

அன்பு என்ற பெயரில் கேட்கக் கூடாதது

தன்னலமற்ற அன்பைப் பேசும்போது ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள், அதுவே சிலுவை சுமப்பது என்று பெண்களுக்கு ஆலோசனை சொல்லப்படுகிறது. இது வேதத்துக்கு விரோதமான ஆலோசனை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். சகலத்தையும் தாங்கும் அன்பைப் பற்றிச் சொல்லும் அதே அதிகாரம், அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்றும் சொல்கிறது (1 கொரிந்தியர் 13:6). பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு மௌனமாக இருக்கவில்லை; நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). அடிக்கிறவனை அடிக்கவிடாமல் தடுப்பதே அவனுக்கும் செய்யும் நன்மை. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் சகோதரி பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கட்டும். சபையார் அவளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

இன்னொரு பக்கம், ஓய்வின்றி எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்துவிட்டுச் சோர்ந்துபோகிறவர்களும் சோதனைக்கு எளிதில் இரையாகிறார்கள். சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்டுப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொண்டுவந்தது பிரசங்கம் அல்ல, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். எலியா சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். தூக்கமும் உணவும் இல்லாமல் நாம் எடுக்கும் முடிவுகளைச் சந்தேகிப்பது நல்லது.

அன்பின் செயல்களே வீண்புகழுக்குத் தீனியாகவும் ஆகலாம். எனக்கு உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு எனக்கிராவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதியது இதற்காகத்தான். உதவி செய்யும் புகைப்படத்தைப் பகிர்வதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்; அதற்குப்பின்பும் அந்த உதவி தொடர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

விழுந்தவருக்கும் அருகில் இருப்பவருக்கும்

விழுந்துவிட்டால் என்ன செய்வது? தம்மை அறியேன் என்று பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவரிடம், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றும், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்றும் சொன்னார் (லூக்கா 22:32). விழப்போகிறவனுக்கு விழுமுன்பே ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. உயிர்த்தெழுந்த பின்பு கடற்கரையில், ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஆடுகளை ஒப்படைத்தார். ஆகவே விழுந்த பின்பு நாள்கணக்கில் உங்களையே நொந்துகொண்டிராமல், தேவனிடத்தில் அறிக்கையிட்டு, யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்து, உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்டவர்களிடம் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

உங்கள் சோதனையை ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். 1521-இல் பாம்ப்ளோனாவில் காயம்பட்டு மனம் திரும்பிய போர்வீரரான லொயோலா இஞ்ஞாசியார், சத்துரு தன் வேலை இரகசியமாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறான், அதை அனுபவமுள்ள ஒருவரிடம் வெளிப்படுத்திய உடனே அவன் திட்டம் கெட்டுவிடுகிறது என்று எழுதினார். யாரிடம் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். எகிப்தின் துறவிகளிடம் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியைக் காசியன் என்ற துறவி 5-ஆம் நூற்றாண்டில் பதிவுசெய்தார். காம எண்ணங்களால் தவித்த ஓர் இளந்துறவி முதியவர் ஒருவரிடம் போய் அதை அறிக்கையிட்டார். அந்த முதியவர், நீ துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று கடுமையாகத் திட்டினார். மனமுடைந்த இளைஞர், இனித் துறவு வேண்டாம், ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொள்வோம் என்று புறப்பட்டார். வழியில் அப்பொல்லோ என்ற பெரியவர் எதிர்ப்பட்டு, அவர் முகவாட்டத்தைக் கண்டு மெதுவாக விசாரித்தார். இந்த வயதிலும் எனக்கும் இதே எண்ணங்கள் வருகின்றன என்று சொல்லி, ஒரே ஒரு நாள் பொறுத்துத் திரும்பிப் போகும்படி கேட்டுக்கொண்டார். பின்பு அந்தக் கடுமையான முதியவரின் அறைக்கு அருகே போய், இவருக்கும் அந்தச் சோதனை என்னவென்று தெரியட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். சற்று நேரத்தில் முதியவர் நிலைகொள்ளாமல் வெளியே வந்து, இளைஞர் போன அதே வழியில் நடக்கத் தொடங்கினார். அப்பொல்லோ அவரை நிறுத்தி, நெரிந்த நாணலை முறிக்கலாகாது என்பதை நினைவுபடுத்தித் திருப்பி அனுப்பினார்.

"நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று பவுல் எழுதியது, விழுந்தவரைச் சீர்ப்படுத்தப் போகிறவர்களுக்குத்தான் (கலாத்தியர் 6:1). ஒருவர் தம் சோதனையை உங்களிடம் சொல்ல வந்தால், முதலில் அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். உடனே வசனம் சொல்ல வேண்டாம். கேட்டதை உங்கள் வீட்டாரிடமும், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபைக் குழுவிலும் பகிர வேண்டாம். ஒரு குழந்தையின் பாதுகாப்போ ஒருவரின் உயிரோ ஆபத்தில் இருந்தால் மட்டும், உரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் அவருக்குப் போராட்டம் அதிகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நேரத்தில் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அடுத்த வாரம் பார்க்கும்போது, ஜெயித்தீர்களா என்று கேட்காமல், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று தொடங்குங்கள். மற்றதை அவரே சொல்வார்.